திருநம்பியின் அறுவைசிகிச்சைக்குப் பணம் திரட்டுவது எப்படி: முதல் எஸ்டிமேட்டிலிருந்து கடைசிக் கணக்கு வரை

என் நண்பன் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று பதியப்பட்ட ஆண். தன் மார்பு அறுவைசிகிச்சைக்கு நிதி திரட்டலாம் என்று முடிவு செய்த இரவு, மூன்று பக்கம் எழுதி எனக்கு அனுப்பினான். சின்ன வயதில் பட்ட அவமானம், வீட்டில் நடந்த சண்டை, விளக்கை அணைத்துவிட்டுக் குளிப்பது, எல்லாமே அதில் இருந்தது. படித்து முடித்தபோது எனக்குக் கை நடுங்கியது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் இவ்வளவையும் கொட்ட வேண்டுமா என்று கேட்டேன். "கொட்டினால்தானே கொடுப்பார்கள்" என்றான். கடைசியில் நாங்கள் வெளியிட்டது பதினோரு வரி. அந்த மூன்று பக்கத்திலிருந்து அதில் இடம்பெற்றது ஒரே ஒரு வாக்கியம். தேவையான பணம் வந்து சேர்ந்தது.

கேட்பவர் யார், எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், கணக்கு யார் கையில் இருக்கிறது, இந்த நான்கும் பளிச்சென்று தெரிந்தால் மக்கள் கொடுக்கிறார்கள். அவருடைய வாழ்க்கைக் கதை அவருடையது, அதில் எவ்வளவு வெளியே வரலாம் என்பதை அவர் மட்டும்தான் சொல்ல வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த எண்ணத்தில்தான் நிற்கிறது. சிகிச்சை செய்துகொள்ளப்போகும் திருநம்பியும் இதைப் படிக்கலாம். ஆனால் நான் முக்கியமாக எழுதுவது அவருக்காக அலையப்போகும் நண்பருக்கு, துணைக்கு, அக்காவுக்கு, தம்பிக்கு. ஏனென்றால் இந்த வேலையை அவர் தலையில் மட்டும் போடக் கூடாது.

முதலில் கணக்கு, அப்புறம்தான் மற்றதெல்லாம்

"ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும்" என்று தொடங்காதீர்கள். எந்த ஆபரேஷன்? திருநம்பிகள் செய்துகொள்ளும் சிகிச்சை ஒன்றல்ல, எல்லோரும் எல்லாவற்றையும் செய்துகொள்வதும் இல்லை. மார்பகத் திசுவை அகற்றி மார்பை ஆணுக்குரிய வடிவில் அமைப்பதைத்தான் டாப் சர்ஜரி என்கிறோம். கர்ப்பப்பையை அகற்றுவது தனி. பிறப்புறுப்பு சார்ந்தவற்றில், ஹார்மோனால் வளர்ந்திருக்கும் உறுப்பையே சிறிய ஆணுறுப்பாக அமைக்கும் மெட்டாய்டியோபிளாஸ்டி ஒரு வழி, ஆணுறுப்பைப் புதிதாக உருவாக்கும் ஃபாலோபிளாஸ்டி இன்னொரு வழி. ஃபாலோபிளாஸ்டியை முன்கை அல்லது தொடைத் தோலிலிருந்து திசு எடுத்துச் செய்வார்கள், பெரும்பாலும் பல கட்டங்களாக, நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு. உலகில் முதன்முதலில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்ட திருநம்பியாக அறியப்படும் பிரிட்டனின் மைக்கேல் டில்லனுக்கு, ஹெரால்டு கில்லீஸ் என்ற அறுவை மருத்துவர் 1946 முதல் 1949 வரை குறைந்தது 13 முறை அறுவை செய்தார். இன்று அத்தனை முறை தேவைப்படுவதில்லை என்றாலும், "ஒரே தடவையில் முடிந்துவிடும்" என்று நினைத்துத் தொகையைப் போட்டுவிடக் கூடாது. கட்டம் கட்டமாகச் செய்யும் சிகிச்சைக்கு, நிதியையும் கட்டம் கட்டமாகவே திரட்டுங்கள். முதல் கட்டக் கணக்கை முடித்துக் காட்டினால் இரண்டாவதற்குக் கேட்கும்போது உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

மருத்துவமனையிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். வாயால் சொன்ன தொகை தொகையே இல்லை. வாங்கும்போது இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், அறுவை அரங்கு, அறை வாடகை எத்தனை நாளுக்கு, அறுவைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைகள், அகற்றிய திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பும் செலவு, மருந்து, கட்டு மாற்றுவது, மறுபார்வைக்கு வந்தால் கட்டணம் உண்டா, தழும்பையோ வடிவத்தையோ பின்னால் திருத்த வேண்டி வந்தால் அதற்கு யார் பணம் கட்டுவது. இந்தக் கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்க மறந்தோம். பிறகு கேட்டபோது கிடைத்த பதில் எங்கள் பட்ஜெட்டையே மாற்றியது. எஸ்டிமேட் எத்தனை மாதம் செல்லும் என்பதையும் எழுதி வாங்குங்கள், பணம் சேரும் வேகத்துக்கு மருத்துவமனை விலையை நிறுத்தி வைக்காது.

மருத்துவமனை பில்லில் வராத செலவுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. பயணம், இரண்டு பேருக்கு. சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே சில நாள் தங்க வேண்டியிருக்கும், அந்த வாடகை. மார்பைச் சுற்றி 3 முதல் 6 வாரம் வரை இறுக்கமாக அணியும் அழுத்த உடுப்பு, ஒன்றைத் துவைத்துக் காயப்போட இன்னொன்று. 4 முதல் 6 வாரம் எடை தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது என்பார்கள். அப்படியென்றால் உடல் உழைப்பு வேலை செய்பவருக்கு அத்தனை வாரச் சம்பளம் போகும். கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் சம்பளமும் கொஞ்சம் போகும். ஃபாலோபிளாஸ்டி என்றால் திசு எடுக்கப்போகும் இடத்தில் முடியை நிரந்தரமாக நீக்க வேண்டும், அதற்கே பல மாதம், பல அமர்வு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எடுப்பவருக்கு அந்தச் செலவும் இந்த மாதங்களில் நிற்காது.

எல்லாவற்றையும் கூட்டி, எதிர்பாராததற்கு 15 அல்லது 20 சதவீதம் சேருங்கள். அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. ஆன்லைனில் வரும் பணத்தில் பரிமாற்றக் கட்டணம் பிடிப்பார்கள். அது 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கையில் 100 கிடைக்க 103 வசூலித்தாலும் ஒரு துளி குறையும், 104 என்று இலக்கு வையுங்கள். தளமே தனியாக ஒரு பங்கு எடுக்கும் என்றால் அதையும் கூட்டுங்கள்.

ஊரைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய இடங்கள்

காப்பீடு இருக்கிறதா, வேலை செய்யும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இது வருமா, அரசு மருத்துவமனையில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ செய்கிறார்களா, அறக்கட்டளைகள் ஏதாவது உதவுகின்றனவா, மருத்துவமனையிலேயே சமூகப் பணியாளர் மூலம் சலுகை கிடைக்குமா. இந்த ஐந்தையும் விசாரித்து, பதிலைத் தேதியுடன் குறித்து வையுங்கள். "ஏன் காப்பீட்டில் கேட்கவில்லை?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள், அப்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

காப்பீட்டு நிறுவனம் "இது அழகுக்கான அறுவை" என்று மறுத்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள், மறுப்பை எழுத்தில் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் பாலின முரண், அதாவது பிறப்பில் குறித்த பாலினமும் ஒருவர் உணரும் பாலினமும் ஒத்துப்போகாத நிலை, மனநோய்ப் பட்டியலிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, பாலியல் நலம் சார்ந்த நிலைகளின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. சிகிச்சை கிடைக்க வழி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வகைப்பாட்டிலிருந்தே நீக்காமல் அங்கே வைத்தார்கள். திருநர் உடல்நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கமான டபிள்யூபாத் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிமுறைகள், இந்தச் சிகிச்சைகளை மருத்துவத் தேவை என்றே சொல்கின்றன. முறையீட்டுக் கடிதத்தில் இந்த இரண்டையும் மருத்துவரே குறிப்பிட்டால் நல்லது. அதே நெறிமுறைகளின்படி, அறுவைக்கு முன் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் இடங்களில் தகுதியுள்ள ஒரு நிபுணரின் கடிதம் போதும். இரண்டு மூன்று கேட்கும் இடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு கடிதமும் ஒரு செலவு.

வட்டிக்குக் கடன் வாங்கி முடித்துவிடலாம் என்ற எண்ணம் வரும். சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் வருமானமே இருக்காது என்ற நிலையில் தவணை கட்டத் தொடங்குவது கொடுமை. என்னைக் கேட்டால், வாங்குவதாக இருந்தால் கடைசிச் சின்னப் பங்குக்கு மட்டும்.

யாருக்குத் தெரியலாம்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் அழுகிறார்கள். ஒரு மாலை உட்கார்ந்து, அவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் திருநம்பி என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் யார், தெரிந்தால் பரவாயில்லை என்பவர்கள் யார், எக்காரணம் கொண்டும் தெரியக் கூடாதவர்கள் யார். அந்த மூன்றாவது பட்டியலில் வீட்டு உரிமையாளர் இருக்கலாம், மேலதிகாரி இருக்கலாம், சொந்த அப்பா இருக்கலாம். இணையத்தில் போட்ட எதையும் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் அழித்தாலும் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். மூன்றாவது பட்டியலில் இருக்கும் ஒருவரால் அவர் உயிருக்கோ இருப்பிடத்துக்கோ ஆபத்து என்றால், பொதுவெளியில் நிதி திரட்டவே வேண்டாம். தெரிந்தவர்களின் வட்டத்துக்குள்ளேயே திரட்டுங்கள், நேரம் அதிகம் ஆகும், ஆகட்டும்.

மேலே சொன்ன டில்லனின் ரகசியமே 1958இல் இப்படி வெளியே வந்தது. பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களின் இரண்டு வம்சாவளிப் பதிவேடுகளில் ஒன்று அவரை ஆண் வாரிசு என்றும் மற்றொன்று பெண் என்றும் காட்ட, அந்த முரண்பாடு பத்திரிகைக்காரர்கள் கண்ணில் பட்டுச் செய்தியாகிவிட்டது. அவர் நாட்டை விட்டே கிளம்பி இந்தியாவுக்கு வந்தார். இரண்டு ஆவணங்கள், இரண்டு விவரங்கள், அவ்வளவுதான் காரணம். இன்று அந்த இரண்டாவது ஆவணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கு. பிரச்சாரத்தில் அவருடைய உண்மையான பெயர், பணம் அனுப்பும்போது திரையில் தெரிவது அடையாள அட்டையில் இருக்கும் பழைய பெயர். நாங்கள் தொடங்குவதற்கு முந்தைய நாள் சோதனைக்காக ஒரு சின்னத் தொகை அனுப்பிப் பார்த்தேன், திரையில் அந்தப் பழைய பெயர் வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றே கணக்கை மாற்றினோம். நீங்களும் சோதித்துப் பாருங்கள், கட்டாயம்.

படம் போடுவதா என்பது அவர் விருப்பம். முகம் வேண்டாம் என்றால் ஓவியம் போதும், அவர் கைகளின் படம் போதும். ஆனால் மருத்துவச் சான்று, மனநல நிபுணரின் கடிதம், உடலின் படம், பழைய பெயர், பழைய படம், இவை எதுவும் எவர் கேட்டாலும் பொதுவில் போகக் கூடாது. "ஆதாரம் காட்டு" என்பவருக்குக் காட்ட, பெயரும் பதிவு எண்ணும் மறைத்த எஸ்டிமேட் போதும்.

பணம் வந்து விழும் இடம்

மூன்று வழி உண்டு. நிதி திரட்டும் தளம், நேரடியாக ஒருவர் கணக்கு, அல்லது நம்பிக்கையான ஓர் அமைப்பு மூலம். தளம் என்றால் தொடங்கும் முன் விதிகளைப் படியுங்கள். இலக்கு எட்டாவிட்டாலும் வந்த பணத்தைத் தருவார்களா, எத்தனை நாளில் தருவார்கள், பயனாளியின் அடையாள அட்டை கேட்பார்களா, அந்தப் பெயரைப் பொதுவில் காட்டுவார்களா, வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி உண்டா. வெளிநாட்டு நன்கொடைக்கும் வரிக்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனிச் சட்டம் இருக்கிறது, தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். அவர் அரசு உதவித்தொகை வாங்குபவராக இருந்தால், கணக்கில் திடீரென்று பெரிய தொகை ஏறுவது அதைப் பாதிக்குமா என்றும் கேளுங்கள்.

நேரடிக் கணக்கு என்றால் வேறு எதற்கும் பயன்படுத்தாத தனிக் கணக்கு. பணம் ஒருவர் கையில், கணக்கு எழுதுவது இன்னொருவர். இருவரும் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் சரி, இதை மாற்றாதீர்கள். தேதி, தொகை, கொடுத்தவர், பெயர் வெளியே சொல்லலாமா, நன்றி சொல்லியாயிற்றா, இந்த ஐந்து கட்டம் போட்ட ஒரு தாள் போதும். முடிந்தால் பணத்தை மருத்துவமனைக்கு நேராகக் கட்டிவிட்டு ரசீதை வையுங்கள். இன்னொன்று, சிகிச்சை தள்ளிப்போனால், நடக்காமலே போனால், பணம் மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்பதை முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் சொல்வதைவிட முன்னால் சொல்வது நூறு மடங்கு எளிது.

எழுதுவது

நாங்கள் எழுதியதை ஒட்டி ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"என் நண்பர் ஒரு திருநம்பி. ஐந்து வருடமாக மார்பை இறுக்கும் பைண்டரைத் தினமும் பல மணி நேரம் அணிகிறார், மூச்சு வாங்குகிறது, முதுகு வலிக்கிறது. மார்பு அறுவைசிகிச்சைக்கு மருத்துவர் தேதி கொடுத்திருக்கிறார். மருத்துவமனைச் செலவு இவ்வளவு, தங்கல் பயணம் இவ்வளவு, ஓய்வு வாரங்களுக்கு இவ்வளவு. அவரே சேர்த்தது மூன்றில் ஒரு பங்கு. மீதியைத்தான் உங்களிடம் கேட்கிறேன். பணம் என் கணக்கில் வரும், கணக்கை இன்னொரு நண்பர் எழுதுகிறார், பத்து நாளுக்கு ஒரு முறை இங்கே சொல்வோம். மிஞ்சினால் இதே சிகிச்சைக்குக் காத்திருக்கும் இன்னொரு திருநம்பிக்குப் போகும். கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள், அவரிடம் வேண்டாம்."

அவ்வளவுதான். அவர் உயிர் உங்கள் கையில் என்பது போல எழுதாதீர்கள். இலக்கு எட்டாத ஒவ்வொரு நாளும் அவரே அந்த வரியைப் படிப்பார். "பெண்ணாகப் பிறந்து ஆணாக மாற ஆசைப்படும்" என்ற வகை வாக்கியங்களும் வேண்டாம். அவர் ஆண், இது அவருக்கான சிகிச்சை. வெளியிடும் முன் ஒவ்வொரு சொல்லையும் அவர் படித்துச் சரி சொல்ல வேண்டும், நீங்கள் எவ்வளவு நல்ல எழுத்தாளராக இருந்தாலும்.

கேட்பது

பதிவு போட்டுவிட்டுக் காத்திருந்தால் முதல் இரண்டு நாள் பணம் வரும், பிறகு நின்றுவிடும். ஆகவே பதிவு போடும் முன்பே தனித்தனியாகக் கேளுங்கள். அவரை நேசிக்கும் இருபது பேரைப் பட்டியல் போட்டு, இலக்கில் நான்கில் ஒரு பங்காவது அவர்களிடமிருந்து வந்த பிறகு பொதுவில் திறந்தோம். காலியான பெட்டியில் முதல் காசைப் போட எல்லோரும் தயங்குவார்கள்.

தனியாகக் கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "முடிந்ததைக் கொடு" என்பது கேட்பவருக்கு எளிது, கொடுப்பவருக்குச் சங்கடம், எவ்வளவு சரி என்று தெரியாமல் ஒத்திப்போட்டு மறந்துவிடுவார்கள். மொத்தத்தை 200 பங்காக வகுத்து, "நீ இரண்டு பங்கு எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாவிட்டால் இரண்டு பேரிடம் சொல்" என்று கேளுங்கள். முடியாது என்றால் மனதார நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். குழுவில் நூறு பேருக்கு ஒரே செய்தி அனுப்புவதைவிட, பத்து பேருக்குப் பெயர் சொல்லிப் பத்து செய்தி அனுப்புவது பலன் தரும். சம்பள நாளை ஒட்டிக் கேளுங்கள். ஒரு தடவைக்குப் பெரிய தொகை முடியாதவர்களிடம் ஆறு மாதம் சிறு தொகையாகக் கேளுங்கள், சிகிச்சைத் தேதி தள்ளி இருந்தால் இது நன்றாக நடக்கும்.

எங்கள் தாளில் முப்பத்தொன்றாவது வரி எனக்கு மறக்காது. எல்லாவற்றிலும் சிறிய தொகை. கூடவே ஒரு குறிப்பு: "நானும் திருநம்பி. எனக்கு இன்னும் நேரம் வரவில்லை. தம்பி முதலில் போய் வரட்டும்." நான் அதை அவனுக்கு உடனே அனுப்பினேன். அன்று முழுக்க அவன் வேறு எதுவும் பேசவில்லை. சின்னத் தொகை கொடுத்தவருக்கும் பெரிய தொகை கொடுத்தவருக்கும் அதே நாளில், அதே அக்கறையோடு நன்றி சொல்லுங்கள்.

நடுவில் ஒரு தேக்கம் வரும். பாதியைத் தாண்டியதும் எல்லோரும் "வந்துவிடும்" என்று நினைத்துவிடுவார்கள். அப்போதுதான் புதுச் செய்தி வேண்டும்: ரத்தப் பரிசோதனை முடிந்தது, முன்பணம் கட்டியாயிற்று, இன்னும் இத்தனை பங்குதான் பாக்கி. ஓவிய விற்பனை, இசை மாலை, பழைய புத்தக விற்பனை போன்றவை இந்த நேரத்தில் உதவும், ஆனால் அரங்க வாடகைக்கே வசூல் போய்விடும் நிகழ்ச்சிகளைத் தொடாதீர்கள்.

வசையும் மோசடியும்

வெறுப்புப் பின்னூட்டம் வரும். அதை அவர் படிக்கக் கூடாது. தளத்தின் உள்நுழைவு உங்களிடம் மட்டும் இருக்கட்டும், அழிப்பதும் தடை செய்வதும் உங்கள் வேலை. விவாதம் செய்ய வேண்டாம், நேரம்தான் போகும். உங்கள் பதிவை நகலெடுத்து வேறு கணக்கு எண் போட்டுச் சுற்றவிடும் ஆட்களும் உண்டு. அவ்வப்போது உங்கள் வாசகத்தின் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். "இலவசமாக ஏற்பாடு செய்கிறேன், முதலில் பதிவுக் கட்டணம் மட்டும்" என்று வருபவரிடம் ஒரு காசு கொடுக்காதீர்கள். "உடம்பைக் காட்டினால் தருகிறேன்" என்று வருபவர்களும் இருக்கிறார்கள், சொல்லவே கசக்கிறது, தடை செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

தேதி நெருங்கும்போது

மருத்துவமனை முன்பணத்தைத் திருப்பித் தரும் விதி என்ன என்று கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். புகைப்பவராக இருந்தால் பல வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், குறைந்தது நான்கு வாரம். நிகோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், மார்பு அறுவையில் எடுத்து ஒட்டிய முலைக்காம்பு பிடிக்காமல் போகலாம். இதற்காகவே சிகிச்சையைத் தள்ளிவைக்கும் மருத்துவர்கள் உண்டு, தள்ளினால் பயணச் செலவு இரண்டு மடங்கு. பணம் முழுதாகச் சேரவில்லை என்றால், ஓய்வு வாரங்களுக்கான பங்கைத் தின்று அறுவையை முடித்துவிடாதீர்கள். தேதியை ஒரு மாதம் தள்ளுவது மேல். நாங்கள் தள்ளினோம். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு புரிந்துகொண்டான்.

சிகிச்சை முடிந்த உடனே எல்லோரும் "எப்படி இருக்கிறார், படம் போடுங்கள்" என்று கேட்பார்கள். "நன்றாக முடிந்தது, ஓய்வில் இருக்கிறார்" என்று ஒரு வரி போதும். படம் என்றால் அவர் கேட்டால் மட்டும். அந்த நாட்களில் உங்களுக்கு வேறு வேலை இருக்கும். மார்பின் இரு பக்கமும் வடிகுழாய் வைத்திருந்தால், அதில் சேரும் திரவத்தைக் காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டும். நன்கொடைக் கணக்கு எழுதிய அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான் இதை எழுதினேன், மில்லிலிட்டரில், ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வந்த எண்களை. ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். கண்ணாடியை அவனே கேட்டான், நான் பிடித்துக்கொண்டேன், ரொம்ப நேரம்.

கட்டெல்லாம் பிரித்து அவர் நடமாடத் தொடங்கியதும் மூன்று வேலை பாக்கி. வந்தது, செலவானது, மிஞ்சியது என்று இறுதிக் கணக்கைப் போட்டு, கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். மிஞ்சியதைச் சொன்ன இடத்தில் சேர்த்துவிட்டு அதையும் எழுதுங்கள். பின்னர் பக்கத்தை மூடி, அவர் விரும்பினால் பெயரையும் படத்தையும் எடுத்துவிடுங்கள். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள், வரிக்கும் திருத்த அறுவைக்கும் தேவைப்படலாம், ஒரு உறையில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.